கொலாஜன் சரியாக இருந்தும் டென்டின் நொறுங்கியது ஏன்? பிராண்டிவைன் குடும்பங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்குத் தெற்கே, பிராண்டிவைன் என்ற ஊரைச் சுற்றிச் சில குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. ஐரோப்பிய, ஆப்பிரிக்க, அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளிகள் மூன்றும் கலந்தவர்கள். இந்தச் சமூகத்தில் ஏறக்குறைய 15 பேரில் ஒருவருக்குப் பற்கள் முளைக்கும்போதே பழுப்பாகவோ நீலச் சாம்பல் நிறமாகவோ இருந்தன. எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அதன் அடியில் இருக்கும் டென்டின் வெளியே தெரிய ஆரம்பித்ததும் வேகமாகத் தேய்ந்தது. பால்பற்கள் ஈறு மட்டம் வரை தேய்ந்துபோன பிள்ளைகளும் இருந்தார்கள். இதே வகைப் பரம்பரைக் குறைபாடு அமெரிக்காவில் பொதுவாக 6,000 முதல் 8,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன.

இதை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. எலும்பும் டென்டினும் எப்படிக் கெட்டிப்படுகின்றன என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் கொலாஜன் (சட்டகமாக நிற்கும் இழைப் புரதம்), கால்சியம், பாஸ்பேட் என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது போதாது. கொலாஜன் இருந்தும், கால்சியம் இருந்தும், பாஸ்பேட் இருந்தும் டென்டின் உருப்படாமல் போக முடியும் என்பதை இந்தக் குடும்பங்களின் பற்கள் காட்டுகின்றன.

பின்புலம்

தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் விட்காப்பும் உடன் பணியாற்றியவர்களும் இந்தக் குடும்பங்களைப் பற்றி 1956ல் வெளியிட்டார்கள். அப்புறம் 1973ல் ஷீல்ட்ஸும் அவரது சகாக்களும் பரம்பரை டென்டின் நோய்களுக்கு ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார்கள். எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவோடு சேர்ந்து வருவது டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா முதல் வகை. எலும்பில் ஒன்றுமில்லாமல் பல்லில் மட்டும் வருவது இரண்டாம் வகை. பிராண்டிவைன் குடும்பங்களில் காணப்பட்டது மூன்றாம் வகை. இவை தவிர டென்டின் டிஸ்பிளாசியா என்று இன்னும் இரண்டு.

மூன்றாம் வகைக்குத் தனி இடம் கொடுக்கக் காரணம் எக்ஸ்ரே படங்கள். இரண்டாம் வகையில் பல்லின் நடுவே இருக்கும் கூழறை காலப்போக்கில் டென்டினால் அடைபட்டுப் போய்விடும். பிராண்டிவைன் பால்பற்கள் சிலவற்றில் இதற்கு நேரெதிர்: கூழறை பெரிதாகவும், அதைச் சுற்றி டென்டின் மெல்லிய ஓடாகவும் இருந்தது. பல் தேயத் தேயக் கூழறை பல இடங்களில் திறந்துகொண்டது. ஆனால் அதே குடும்பங்களில் கூழறை அடைபட்ட பற்களும் இருந்தன. ஆகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே போட்ட கோடு ஆரம்பத்திலிருந்தே மங்கலானதுதான்.

பரம்பரை முறை தெளிவு. பாதிக்கப்பட்ட தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒரே ஒரு கெட்ட பிரதி போதும். நம்மூர் வாசகர்கள் இங்கே சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வரும் நோய்களை நினைத்துக்கொள்ளக்கூடும். அது வேறு கணக்கு. அங்கே இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். பிராண்டிவைனில் நடந்தது வேறு: தொடக்கத் தலைமுறை ஒன்றில் யாரோ ஒருவரிடம் இருந்த மாற்றம், வெளியே மண உறவு குறைவாக இருந்த ஒரு சிறிய சமூகத்துக்குள் பெருகியது. வெளியே மணம் குறைந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனங்களுக்கிடையேயான திருமணத்தைத் தடைசெய்யும் சட்டம் மேரிலாண்டில் 1967 வரை இருந்தது. இந்த வட்டாரக் குடும்பங்களில் பலர் தங்களைப் பிஸ்கட்டவே பூர்வகுடியினர் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். மாநில அரசு பிஸ்கட்டவே குழுக்களை அங்கீகரித்தது 2012ல்தான்.

முதல் சந்தேகம் கொலாஜன் மேல்

டென்டினில் எடைக் கணக்கில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமப் பொருளில் 90 சதவீதம் போல முதல் வகைக் கொலாஜன். அப்படியிருக்க, டென்டின் கெட்டால் முதலில் கொலாஜனைச் சந்தேகிப்பது நியாயமே.

கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட ஒரு கயிற்று மூலக்கூறு. இந்த மும்முறுக்கு வடிவத்தை 1954ல் முன்வைத்து, 1955ல் சுருளுக்குள் சுருளாகத் திருத்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வால் தசைநாணில் எடுத்த எக்ஸ்ரே சிதறல் படங்கள் அதற்கு உதவின. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும் என்பது அந்த வடிவத்தின் உயிர்நாடி. முறுக்கின் நடுவே மூன்று சங்கிலிகளும் நெருங்கும் இடத்தில் கிளைசினைவிடப் பெரிய அமினோ அமிலம் எதற்கும் இடமில்லை.

அந்தக் கிளைசின் ஒன்று வேறொன்றாக மாறினால் முறுக்கு அந்த இடத்தில் தடுமாறும். சங்கிலிகள் முறுக்கிக்கொள்வது ஒரு முனையான கார்பாக்ஸில் முனையிலிருந்து மறு முனையான அமினோ முனை நோக்கி. எனவே கார்பாக்ஸில் முனைக்கு அருகில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் கடுமையானவை. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவில் பெரும்பான்மை இப்படித்தான் வருகிறது. கொலாஜனின் இரண்டு மரபணுக்கள் 17ஆம், 7ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பல்லும் பிராண்டிவைன் பற்களைப் போலவே பழுப்பாக, தேயக்கூடியதாக இருக்கும். ஷீல்ட்ஸ் சொன்ன முதல் வகை இதுதான்.

பிராண்டிவைன் குடும்பங்களுக்கோ அந்த எலும்பு நோயின் அடையாளங்களான எலும்பு முறிவும் இல்லை, கண் வெண்படலத்தில் நீலமும் இல்லை. அதே கொலாஜன்தான் எலும்பிலும் இருக்கிறது. கொலாஜன் கெட்டிருந்தால் எலும்பு தப்பித்தது எப்படி?

1982ல் இரண்டாம் வகை நோயும், 1986ல் பிராண்டிவைன் நோயும் 4ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரே பகுதியோடு சேர்ந்து கடத்தப்படுவது தெரியவந்தது. அங்கே கொலாஜன் மரபணு எதுவும் இல்லை.

கொலாஜன் இழையின் உள்ளே என்ன நடக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கொலாஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். இவை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்படும்போது ஒவ்வொன்றும் 67 நானோமீட்டர் தள்ளி நிற்கிறது. செங்கல் சுவரில் ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேரே வராதது போல. ஆனால் 300ஐ 67 சரியாக வகுக்காததால், ஒரு மூலக்கூறின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 40 நானோமீட்டர் இடைவெளி விழுகிறது. இந்த அடுக்கை 1963ல் ஹாட்ஜும் பெட்ருஸ்காவும் விளக்கினார்கள். தாதுப் படிகம், அதாவது ஹைட்ராக்ஸிஅபடைட், இழையின் உள்ளே குடியேறுவது இந்த இடைவெளிகளில் தொடங்கி.

ஆனால் தோலிலும் தசைநாணிலும் இதே முதல் வகைக் கொலாஜன், இதே இடைவெளிகளோடு இருக்கிறது. அவை கல்லாகிவிடுவதில்லை. உடல் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் இருக்கின்றன. கொலாஜன் தானாகவே தாதுவை இழுத்துக்கொள்ளும் என்றால் நாம் எல்லோரும் எப்போதோ விறைத்துப் போயிருப்போம். ஆகவே கொலாஜன் தருவது இடம் மட்டும். அந்த இடத்தில் எப்போது, எந்தத் திசையில் படிகம் தொடங்க வேண்டும் என்று சொல்ல வேறொன்று வேண்டும்.

1967ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வீஸும் பெர்ரியும் டென்டினிலிருந்து ஒரு விசித்திரமான புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அதற்குப் பாஸ்போஃபோரின் என்று பெயர் வந்தது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் இரண்டே அமினோ அமிலங்கள்: செரின், அஸ்பார்டிக் அமிலம். செரின்களில் 85 முதல் 90 சதவீதத்தின் மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறது. அஸ்பார்டிக் அமிலம், செரின், செரின் என்ற மூவர் கூட்டு மனிதப் புரதத்தில் 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அஸ்பார்டிக் அமிலத்துக்கு ஒரு எதிர்மின்சுமை, பாஸ்பேட் ஏறிய செரின் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு. ஒரு கூட்டில் ஐந்து வரை. ஒரே மூலக்கூறில் ஆயிரத்தை நெருங்கும் எதிர்மின்சுமைகள். அறியப்பட்ட புரதங்களிலேயே மிக அதிக அமிலத்தன்மை கொண்டவற்றில் இது ஒன்று. கால்சியம் இதை விட்டு விலக முடியாது.

இன்னொரு முக்கியமான நுணுக்கம். பாஸ்போஃபோரினைக் கரைசலில் மிதக்க விட்டால் அது படிகம் வளர்வதைத் தடுக்கிறது. அதையே ஒரு திடப் பரப்பில் ஒட்டவைத்தால் படிகத்தைத் தொடங்கிவைக்கிறது. 1988ல் லுஸ்ஸி, கிரென்ஷா, லிண்டே மூவரும் இதைச் சிறு உருண்டை மணிகளில் பிணைத்துக் காட்டினார்கள். கொலாஜன் இழையில் இந்தப் புரதம் போய் ஒட்டுவது இடைவெளிப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட பட்டையில் என்பது 1992ல் மின்நுண்ணோக்கியில் தெரிந்தது. ஆக, கொலாஜன் பாஸ்போஃபோரினைப் பிடித்து நிறுத்துகிறது. நிறுத்தப்பட்ட பாஸ்போஃபோரின் கால்சியத்தைக் கூட்டி வைக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது வேலைக்கு ஆகாது.

செல்லும் இதற்கேற்ப இரண்டையும் இரண்டு இடத்தில் வெளியேற்றுகிறது. டென்டினை உண்டாக்கும் ஆடோன்டோபிளாஸ்ட் செல், கொலாஜனை தன் உடலுக்கு அருகில் வெளியே விடுகிறது. அங்கே முதலில் பத்து முதல் நாற்பது மைக்ரோமீட்டர் அகலத்துக்குத் தாது இல்லாத முன்டென்டின் உருவாகிறது. பாஸ்பேட் ஏறிய புரதத்தையோ அந்த முன்டென்டினைத் தாண்டி, தன் நீண்ட கிளை வழியாக, தாது படியும் எல்லைக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கதிரியக்கப் பாஸ்பேட் கொடுத்த எலிகளில் வைன்ஸ்டாக்கும் லெப்லாண்டும் 1973ல் இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான பரிசோதனை அதுதான்.

ஆய்வகத்தில் நோயுற்ற பற்கள்

இப்போது நோய்க்குத் திரும்பலாம். இரண்டாம் வகை நோயாளிகளின் பற்களைத் தாது நீக்கிப் பிரித்துப் பார்த்த டாகாகி, வீஸ், சாக் ஆகியோர், அவற்றில் பாஸ்போஃபோரின் இல்லை என்று 1983ல் எழுதினார்கள். கொலாஜன் இருந்தது.

2001ல் கின்னியும் சகாக்களும் எக்ஸ்ரேயைச் சிறு கோணத்தில் சிதறவைத்து இரண்டாம் வகைப் பற்கள் சிலவற்றை ஆராய்ந்தார்கள். இயல்பான டென்டினில் இழையின் உள்ளே இருக்கும் தாது, 67 நானோமீட்டர் ஒழுங்கில் ஒரு அடையாளத்தைத் தரும். நோயுற்ற டென்டினில் அந்த அடையாளமே வரவில்லை. இழைகளுக்கு வெளியே தாது இருந்தது, உள்ளே இல்லை. மொத்தத் தாது மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்திருந்தது. கடினம் அதைவிட அதிகமாகக் குறைந்தது. தாதுவின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதே டென்டினின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எனாமல் பெயர்வதற்கும் விளக்கம் இதிலேயே கிடைக்கிறது. இந்நோயில் எனாமல் பெரும்பாலும் இயல்பானது. 96 சதவீதம் தாதுவான, உடையக்கூடிய ஒரு பொருள், மெத்தென்று வளையும் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடிக்கும்போது அடித்தளம் வளைந்தால் மேலே இருப்பது விரிசல் விடத்தான் செய்யும்.

மரபணு

1997ல் மேரி மெக்டூகலின் குழு, பாஸ்போஃபோரினும், டென்டின் சயலோபுரோட்டீன் என்ற இன்னொரு டென்டின் புரதமும் ஒரே மரபணுவிலிருந்து ஒரே நீண்ட புரதமாக உருவாகிப் பின்னர் வெட்டப்படுகின்றன என்று காட்டியது. அந்த மரபணு டிஎஸ்பிபி. இருப்பிடம், 4ஆம் குரோமோசோமில் நோய் சுட்டிய அதே பகுதி. இதன் அக்கம்பக்கத்திலேயே டிஎம்பி1, ஆஸ்டியோபான்டின், எலும்பு சயலோபுரோட்டீன், எம்இபிஇ என்று தாது தொடர்பான நான்கு மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. 2001ல் சீனக் குடும்பங்களில் டிஎஸ்பிபி மாற்றங்கள் நோயோடு சேர்ந்திருப்பது உறுதியானது. அவற்றில் சில குடும்பங்களில் காது கேளாமையும் கூடவே இருந்தது.

2003ல் இந்த மரபணுவை முழுதாக நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். முன்டென்டின் அகன்று, தாது திட்டுத்திட்டாகப் படிந்து, கூழறை பெரிதாகி, சில பற்களில் திறந்தும் போயிருந்தது. பிராண்டிவைன் பால்பற்களின் எக்ஸ்ரே படத்தோடு இதை ஒப்பிட்டவர்கள் மூன்றாம் வகையைத்தான் குறிப்பிட்டார்கள். பின்னர் 2009ல் சயலோபுரோட்டீன் பகுதியை மட்டும் அந்த எலிகளுக்குத் திருப்பிக் கொடுத்தபோது டென்டினின் அளவு ஓரளவு மீண்டது, தாது அடர்த்தி மீளவில்லை. அடர்த்திக்குப் பொறுப்பு பாஸ்போஃபோரின் என்பது இதனால் வலுப்பட்டது.

சரி, இத்தோடு கதை முடிந்தது போலத் தோன்றும்: பாஸ்போஃபோரின் குறைவு, அதனால் நோய். ஆனால் ஒரு பிரதியை மட்டும் நீக்கிய எலிகளின் பற்கள் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கின்றன. மனிதர்களிலோ ஒரு பிரதி கெட்டாலே நோய். அப்படியென்றால் கெட்ட பிரதி வெறுமனே இல்லாமல் போகவில்லை. அது ஏதோ கெடுதல் செய்கிறது.

என்ன கெடுதல் என்பதை எழுத்தெழுத்தாகப் பார்க்கலாம். மரபணுவின் எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாக வாசிக்கிறது, மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். இந்த மூன்று மூன்றான பிரிப்புதான் வாசிப்புச் சட்டம். செரினுக்கான குறி பெரும்பாலும் ஏஜிடி அல்லது ஏஜிசி. அஸ்பார்டிக் அமிலத்துக்கு ஜிஏடி அல்லது ஜிஏசி. ஏஜிடி ஏஜிடி ஜிஏடி என்ற வரிசையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டால், அதே எழுத்துகள் ஜிடிஏ ஜிடிஜி ஏடிஏ என்று வாசிக்கப்படும்: வாலின், வாலின், ஐசோலூசின். ஏஜிசி உள்ள இடங்களில் அலனினும் திரியோனினும் வரும். நீரை விரும்பிய, எதிர்மின்சுமை நிறைந்த ஒரு வால், நீரை வெறுக்கும் நீண்ட வாலாக மாறிவிடுகிறது. இரண்டு எழுத்துகள் விழுந்தால் டிஏஜி, டிஜிஏ என்ற நிறுத்தக் குறிகள் சீக்கிரமே வந்து வாசிப்பு நின்றுவிடும். 2008ல் மெக்நைட், ஃபிஷர் முதலியோர் பல குடும்பங்களின் இந்தத் திரும்பத் திரும்ப வரும் பகுதியைப் படித்தபோது, நோய் தந்த, வாசிப்புச் சட்டத்தை நகர்த்திய மாற்றங்கள் எல்லாம் முதல் ரகமாகவே இருந்தன.

நீரை வெறுக்கும் வால் கொண்ட புரதம், வெளியே அனுப்பும் புரதங்களைச் செல் தயாரிக்கும் உள்ளறையான எண்டோபிளாச வலைக்குள் உருவாகிறது, அங்கிருந்து வெளியேறத் திணறுகிறது. மரபணுவின் முன்பகுதியில் வரும் மாற்றங்களும் இதே கதையைச் சொல்கின்றன. புரதத்தை வலைக்குள் கொண்டுவரும் முன்னொட்டு வெட்டப்பட்ட பின் இந்தப் புரதத்தின் முதல் மூன்று அமினோ அமிலங்கள் ஐசோலூசின், புரோலின், வாலின். வலையிலிருந்து வெளியே அழைத்துப்போகும் ஏற்பாடு இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் புரதம் உள்ளேயே தேங்கும். தேங்கிய புரதம், கால்சியம் நிறைந்த அந்த அறையில், நல்ல பிரதியிலிருந்து வந்த புரதத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது ஃபிஷர் குழுவின் கருத்து. ஒரு பிரதி கெட்டால் இரண்டுமே வெளியே வராமல் போவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2021ல் ஒரு எழுத்து நகர்வு கொண்ட எலிகளை உருவாக்கியபோதும் ஆடோன்டோபிளாஸ்ட் செல்லின் சுரப்புப் பாதையிலேயே கோளாறு தெரிந்தது.

கொலாஜன் நோயிலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. கிளைசின் மாறிய சங்கிலி மெதுவாக முறுக்கிக்கொள்கிறது, வலையில் அதிக நேரம் தங்குகிறது, செல்லைத் தவிக்கவைக்கிறது. இரண்டு வேறு புரதங்கள், ஒரே செல், ஒரே நெரிசல். வாய்க்குள் பார்த்தால் இரண்டு நோய்களின் பல்லும் ஒன்றுபோலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

பிராண்டிவைன் குடும்பம் ஒன்றில் 2005ல் மெக்டூகல் குழு கண்டது, பாஸ்போஃபோரின் பகுதியில் 36 எழுத்துகள் விழுந்து 18 எழுத்துகள் சேர்ந்த ஒரு மாற்றம். நிகரமாக 18 எழுத்துக் குறைவு, அதாவது ஆறு அமினோ அமிலம் குறைவு. வாசிப்புச் சட்டம் நகரவில்லை. ஆரோக்கியமானவர்களிடமும் இந்தப் பகுதியின் நீளம் இப்படி மூன்றின் மடங்குகளில் கூடியும் குறைந்தும் இருப்பதை 2008 ஆய்வு காட்டியது. எனவே சட்டம் நகராத மாற்றம் ஒன்றைக் கண்டதும் அதுவே நோய்க் காரணம் என்று எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். நோய் டிஎஸ்பிபியோடு பிணைந்திருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த எழுத்து குற்றவாளி என்பதில் எச்சரிக்கை தேவை.

சிகிச்சையும் பரிசோதனையும்

போன பாஸ்போஃபோரினை இன்று யாராலும் பல்லுக்குள் திரும்ப வைக்க முடியாது. எலும்பு வாழ்நாள் முழுக்க உடைத்துக் கட்டப்படுகிறது, டென்டினுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே செய்யக்கூடியது, தேய்வதற்கு முன் காப்பது. பால் கடைவாய்ப் பற்கள் முளைத்ததுமே துருப்பிடிக்காத எஃகு கிரவுன் போட்டுவிட்டால் கடிக்கும் உயரம் தங்கும், முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்காது. முன்பற்களுக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு. கூழறை அடைபட்ட பல்லில் வேர் சிகிச்சை மிகச் சிரமம், கால்வாயே கிடைக்காமல் போகலாம். காத்திருந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

பழுப்புப் பல்லோடு வரும் குழந்தையிடம் எலும்பு முறிவு, கண் வெண்படல நிறம், செவித்திறன், குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி என்று நான்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும். லேசான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா சில வீடுகளில் பல் மூலமாகத்தான் முதலில் வெளிச்சத்துக்கு வருகிறது.

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று வழக்கமாக நடக்கும் பரிசோதனைகள் மரபணுவைச் சிறு துண்டுகளாக வாசித்துக் கணினியில் பொருத்துகின்றன. பாஸ்போஃபோரின் பகுதியோ 200 தடவை ஒன்றுபோலவே ஓடுவதால் எந்தத் துண்டு எங்கே சேர வேண்டும் என்று கணினி குழம்பிவிடும். ஒரு எழுத்து விழுந்திருந்தாலும் தெரியாமல் போகும். அறிக்கை இயல்பு என்று வந்தாலும், குடும்ப வரலாறும் எக்ஸ்ரேயும் டென்டினைச் சுட்டுகின்றன என்றால், அந்தப் பகுதியைத் தனியே பெருக்கி, முழு நீளத்தையும் ஒரே வாசிப்பில் படிக்கும் முறையில் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.